விற்பதற்கு முன் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை ஆடியவர்களுக்கு அந்த நடை தெரியும். குகையைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு வெளியே வந்தால் கேரக்டர் ஓட மறுக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் வாங்கிய பைகளை இரண்டு கையிலும் தொங்கவிட்டு மாம்பலம் ஸ்டேஷன் படியேறுகிறவரைப் போல அடிமேல் அடி வைத்து நகரும். சுமை எல்லையைத் தாண்டிவிட்டால் ஓடவும் முடியாது, வரைபடத்தில் ஊரைத் தொட்டு அங்கே போய் நிற்கவும் முடியாது. ஆரம்பத்தில் அந்த எல்லை 300. லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை, அதாவது உடல் தெம்பை, தேர்ந்தெடுத்தால் 5 கூடும், அவ்வளவுதான். சரி, அப்படி என்னதான் தூக்கி வந்தோம் என்று பையைத் திறந்தால் இரண்டு இரும்புச் சுத்தியல், எவனோ ஒரு கொள்ளைக்காரனின் பூட்ஸ், 14 சாப்பாட்டுத் தட்டு.

வீட்டுப் பரணில் அம்மா சேர்த்து வைத்திருக்கும் பிஸ்கட் டின்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே ஆள்தான் நான். தட்டுகள் என்னுடையவை.

விலையை மட்டும் பார்த்து எடுப்பதுதான் முதல் தவறு. ஸ்கைரிமில் டிராகன் எலும்பு ஒன்றின் விலை 500, எடை 15. வைரத்தின் விலை 800, எடை 0.1. ஒரு எலும்பு அடைக்கிற இடத்தில் 150 வைரம் அடங்கும். அதனால் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். ஆரம்ப லெவல்களில் 10-க்குக் கீழே வந்தால் நான் தொடுவதில்லை. இன்னொன்று, பையில் காட்டுகிற விலையைக் கடைக்காரர் தர மாட்டார். பேச்சுத் திறன் ஏறாத வரை பாதிகூடத் தேறாது. பலசரக்குக் கடைக்காரரிடம் பொதுவாக 750 பொற்காசு அளவில்தான் இருக்கும், அது தீர்ந்தால் ஆட்டத்தின் கணக்கில் 2 நாள் காத்திருக்க வேண்டும். அப்புறம் எதற்கு ஒரே நடையில் குகை முழுவதையும் சுமப்பது?

ஆனால் இந்தக் கணக்கு விற்கப் போகிற சரக்குக்கு மட்டும்தான். வைத்துக்கொள்ள வேண்டிய பொருளையும் இதே தராசில் நிறுத்தினால் அது இதைவிடப் பெரிய தவறு, நானே மாட்டியது. விட்சர் 3 என்ற இன்னொரு ஆட்டத்தில் கிரிஃபின் கவசத்தை அலைந்து திரிந்து செய்து போட்டுக்கொண்டேன். சில லெவல் கழித்து வேறொரு கவசம் இன்னும் நல்ல பாதுகாப்பு எண்ணோடு கிடைத்தது. பழையது இனி எதற்கு என்று கொல்லரிடம் தள்ளிவிட்டேன். அடுத்த தர கிரிஃபின் கவசத்தின் செய்முறை வரைபடம் கிடைத்தபோதுதான், அதைச் செய்யத் தேவையான மூலப்பொருள்களில் நான் விற்ற அந்தப் பழைய கவசமே ஒன்று என்று தெரிந்தது. பூனை, கரடி கவசங்களுக்கும் இதே கதைதான், ஒவ்வொரு தரமும் முந்தைய தரத்தின் மேல் கட்டப்படுகிறது. பழைய வரைபடம் கையில் இருந்ததால் திரும்பச் செய்ய முடிந்தது. காசும் பொருளும் இரண்டு முறை செலவானது.

அதனால் இப்போது ஒரு பொருளை எடுத்தவுடன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இது திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எவ்வளவு மினுக்கினாலும் போகட்டும். கிடைக்காது, அல்லது கிடைப்பது அரிது என்றால் விலை ஒரு காசாக இருந்தாலும் வைத்துக்கொள்வேன். டிராகன் எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த எலும்பில் கவசம் செய்யக் கொல்லர் திறன் 100 வேண்டும், அதுவரை அதை முதுகில் சுமப்பது வீண்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் வரும் நரக இரும்பு. பார்த்தால் ஏதோ பழைய இரும்புத் துண்டு, காயலான் கடைச் சரக்கு போலத்தான் தெரியும். கார்லாக் என்ற தோழியின் நெஞ்சில் எரிகிற எஞ்சினைச் சரிசெய்ய டாமன் என்ற கொல்லர் கேட்பது அதைத்தான், அதுவும் ஒரு முறை அல்ல. அதை ஏதோ ஒரு வியாபாரியிடம் சில்லறைக்குத் தள்ளிவிட்டுப் பிறகு தேடி அலைந்தவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தில் சுமை பற்றிய கவலையே தேவையில்லை. பொருளை நேராக நம் குழு தங்கும் முகாமுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. உணவுப் பொருள்களையும் அப்படியே அனுப்பலாம். சாதாரணக் கடினத்தில் ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 அலகு உணவு ஆகும், அதை முகாமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அது தெரியாமல் மந்திரவாதியின் பையில் பாலாடைக்கட்டியைத் திணித்து வைக்க வேண்டாம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் சுமையின் சட்டம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய பழக்கத்தை இழுத்து வருவதும் தவறுதான். எல்டன் ரிங்கில் பைக்குள் இருப்பதற்கு எடையே கிடையாது. உடம்பில் மாட்டியிருப்பது மட்டும் கணக்கு, அது 70 சதவீதத்தைத் தாண்டினால் அடியிலிருந்து தப்ப உருளுவது மூட்டை விழுவது போலிருக்கும். அங்கே 20 வாள் கிடந்தாலும் பாதகமில்லை. விட்சர் 3-இல் 2015-இல் வந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு கைவினைப் பொருள்களுக்கும் மூலிகைகளுக்கும் எடை போய்விட்டது. மூலிகையை விற்று இடம் பண்ணுகிறவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். டயப்ளோ 2-இல் எடை இல்லை, கட்டம்தான். பையில் 40 கட்டம். ஹொராட்ரிக் கியூப் என்ற மாயப் பெட்டி 4 கட்டத்தை அடைத்துக்கொண்டு உள்ளே 12 கட்டம் தரும், அதை வீட்டில் விட்டுப் போவதில் பொருளே இல்லை.

போஷன், அதாவது மருந்துக் குப்பி விஷயத்துக்கு வருவோம். இறுதிப் போட்டி வரட்டும் என்று நல்ல மருந்தையெல்லாம் சேர்த்து வைப்பது பழைய வியாதி. ஃபைனல் ஃபேன்டஸி வரிசையில் உயிரையும் மந்திர சக்தியையும் ஒரே மடக்கில் நிரப்பும் எலிக்சர் உண்டு. கடைசி பாஸ், அதாவது பெரிய எதிரி, விழுந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது பையில் அது அப்படியே இருக்கும். கல்யாணப் பட்டுப்புடவையை மடிப்பு மாறாமல் பீரோவில் வைத்துக் கிழிய விடுவதைப் போலத்தான். என் வழக்கம், எந்த மருந்தும் மூன்றுக்கு மேல் சேர்ந்தால் நான்காவதை அடுத்த சண்டையிலேயே குடித்துவிடுவது. விட்சர் 3-இல் அந்தத் தயக்கம்கூட வேண்டாம். ஒரு முறை காய்ச்சிவிட்டால் போதும், தியானத்தில் உட்காரும்போது பையில் வீரிய மது இருந்தால் குப்பி தானே நிரம்பிவிடும். ஆக அங்கே காக்க வேண்டியது மருந்தை அல்ல, சரக்கை!

சேமிக்கும் இடத்திலும் ஏமாறுவார்கள். ஸ்கைரிமில் வழியில் கண்ட பீப்பாயில் போட்டுவிட்டுப் பிறகு வரலாம் என்று போனால், பெரும்பாலான பீப்பாய்களும் பெட்டிகளும் சில நாளில் புதுப்பிக்கப்பட்டு, போட்டது மாயமாகிவிடும். வைட்ரன் ஊரில் பிரீஸ்ஹோம் வீடு 5000 பொற்காசு. அதை வாங்கும் வரை கண்ட பெட்டியில் அரிய பொருளைப் போடாதீர்கள்.

கடைசியாக, விற்பதற்கு முன் ஒரு சேவ், அதாவது ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்து வைப்பது. ஸ்கைரிமிலும் விட்சரிலும் கை தவறினால் பழைய சேவுக்குத் திரும்பலாம், அல்லது கூடுதல் விலை கொடுத்து மீட்கலாம். எல்டன் ரிங்கில் ஆட்டம் தானே சேமித்துக்கொண்டே போகும், விற்றதை வியாபாரி திருப்பித் தர மாட்டார். பெரிய பாஸ்களை வீழ்த்திப் பெறும் நினைவுப் பொருள்களில்தான் அங்கே அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அவசரத்துக்கு ரூன், அதாவது அங்கே செல்லும் காசு, வேண்டும் என்று அதை உடைத்துவிடுவார்கள். அதே பொருளை ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற இடத்தில் இருக்கும் என்யாவிடம் கொடுத்தால் அந்த பாஸின் ஆயுதமோ மந்திரமோ கிடைத்திருக்கும். நடமாடும் சமாதி என்ற, காலால் நடக்கும் கட்டடத்துக்குக் கொண்டுபோனால் இன்னொரு பிரதிகூட எடுத்திருக்கலாம்.