நெடுந்தூர ரைஃபிளைச் சொல்லிச் செய்வதற்கு முன்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கடையில் வாங்கிய ரைஃபிளில் குறை தெரிந்தால் தயாரித்த நிறுவனத்தைத் திட்டித் தீர்க்கலாம். சொல்லிச் செய்த ரைஃபிளில் அந்த வசதி கிடையாது. அதில் தலைகாட்டும் குறைகளில் பாதி, நாம் கேட்கத் தவறியவை. எனவே இந்தப் படிகளில் பெரும்பாலானவை பட்டறைக்குப் போவதற்கு முன்பே முடிய வேண்டியவை.

படி 1: எதற்கு என்று எழுதுங்கள்

எத்தனை கஜம், படுத்துச் சுடுவதா, நகர்ந்து நகர்ந்து சுடுவதா, எந்தப் போட்டி? இவற்றுக்குத் தாளில் பதில் வேண்டும். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் ஆகிய இரண்டு தோட்டாக்களுக்குத்தான் அனுமதி. பைபாட் (முன்பக்கத்தைத் தாங்கும் இருகால்), ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. எல்லோரும் புகழ்கிறார்களே என்று 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவுக்கு ஒரு ரைஃபிளைச் செய்துகொண்டு வந்தால், அந்தப் பிரிவில் நிற்கவே முடியாது. விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள். உரிமமும் அப்படித்தான்: உங்கள் நாட்டுச் சட்டம் எந்த அளவை, எந்த நீளத்தை அனுமதிக்கிறது என்று பார்த்து, அனுமதி கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

படி 2: தோட்டாவிலிருந்து பேரலுக்கு

பலர் பேரலை (குழலை) முடிவுசெய்துவிட்டுத் தோட்டா தேடுகிறார்கள். போக வேண்டிய திசை இதற்கு நேர் எதிர். குண்டு நீளமாக ஆக ஆக, அதைத் தள்ளாடாமல் பறக்கவைக்க வேகமான சுழற்சி தேவை; அதைத் தருபவை பேரலின் உள்ளே செதுக்கிய திருகுவரிகள். 6.5 மி.மீ. அளவில் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான கணக்கு. குண்டு எதுவென்று தெரியாமல் சுற்றைச் சொல்ல முடியாது.

நான் மிகவும் வலியுறுத்துவது மாதிரித் தோட்டாவை. நீங்கள் சுடப்போகும் அதே குண்டைப் பொருத்தி, வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத ஒரு தோட்டாவை, ரைஃபிளைச் செய்யும் வினைஞரிடம் கொடுங்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து திருகுவரிகள் தொடங்கும் இடத்தை அவர் அதன் நீளத்துக்கு ஏற்ப வெட்டுவார். கொடுப்பதற்கு முன் அதே தோட்டாவை உங்கள் மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) நுழைத்துப் பாருங்கள். முனை முன்சுவரில் உரசினால், பேரல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டியிருக்கும்.

பேரல் தேயும் பொருள் என்பதும் நினைவிருக்கட்டும். போட்டித் துல்லியம் என்ற அளவில் பார்த்தால் 6.5 கிரீட்மோர் பேரல் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 சுடுகள் வரை தாங்கும்; .308 அதைவிட நெடுநாள் உழைக்கும். கையில் பணம் இருந்தால் முலாம், வண்ணம் இவற்றில் செலவழிக்காமல், இரண்டாவது பேரலையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: ஆக்‌ஷன்

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இயந்திரப் பகுதிதான் ஆக்‌ஷன். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் வடிவ அளவையே இன்றைய தனித்தயாரிப்பு ஆக்‌ஷன்களில் பலவும் பின்பற்றுகின்றன. அந்த அளவில் எடுத்தால் ஸ்டாக்கும் (தோளில் பதியும் உடற்பகுதி) டிரிகரும் தேடி அலைய வேண்டாம்.

படி 4: உடம்புக்கு ஏற்ற ஸ்டாக்

தைக்கக் கொடுக்கும் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்க வேண்டும். காலி ரைஃபிளைப் பாதுகாப்பான திசையில் வைத்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை இயல்பாகச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் சரி. விளிம்பில் கறுப்புப் பிறை தெரிந்தால் கன்னப்பலகையின் உயரமோ, ஸ்கோப்பின் இடமோ மாற வேண்டும். கழுத்தை வளைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பத்தாவது சுடுக்குள் கழுத்து பதில் சொல்லிவிடும். கன்னப்பலகையை ஏற்றி இறக்கும் வசதியுள்ள ஸ்டாக்கே புதியவருக்கு ஏற்றது.

படி 5: ஸ்கோப்பும் சாய்வு ரெயிலும்

ஒரு கோண நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். 1,000 கஜத்தில் பத்தரை அங்குலம். 100 கஜத்தில் நேர்செய்த 6.5 கிரீட்மோருக்கு 1,000 கஜத்தில் குண்டு கீழிறங்குவதை ஈடுகட்டச் சுமார் 30 நிமிடம் ஏற்றம் வேண்டும். உங்கள் ஸ்கோப்பின் மேலும் கீழுமான மொத்த அசைவு 60 நிமிடம் என்றால், ஸ்கோப்பைப் பொருத்தும் ரெயில் தட்டையாக இருக்கும்போது மேல்நோக்கிக் கிடைப்பது பாதிதான், அதாவது விளிம்பில் நிற்கிறீர்கள். 20 நிமிடச் சாய்வுள்ள ரெயிலைக் கேட்டால் ஏறத்தாழ 50 கிடைக்கும். இதை ரைஃபிள் தயாரான பிறகு யோசிப்பவர்களே அதிகம்.

படி 6: எழுத்தில் வாங்குங்கள்

பாகங்களை யார் வாங்குவது, தாமதமானால் என்ன, முன்பணம் திரும்புமா என எல்லாமே தாளில் இருக்கட்டும். 'அரை நிமிடத் துல்லியம் உறுதி' என்றால், எந்தத் தோட்டாவில், எத்தனை சுடுகளில் என்று கேளுங்கள். மூன்று சுடுகள் ஒட்டி விழுவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஐந்து சுடுகள் கொண்ட சில தொகுதிகளைக் கேட்பதில் தவறில்லை. நல்ல வினைஞர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 7: கைக்கு வந்ததும்

ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய நிலையில் சேம்பரில் தோட்டாவுக்கு இருக்கும் இடம்) அளவுமானியை உங்கள் கண் முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆக்‌ஷன் திருகுகளுக்கு எவ்வளவு முறுக்கு என்று குறித்து வாங்குங்கள். பிறகு சுடுங்கள், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஆனால் நெடுந்தூர ஏற்ற அட்டவணையை உடனே அச்சடித்து ஒட்டிவிட வேண்டாம். புதிய பேரலில் முதல் நூறு, இருநூறு சுடுகளுக்குள் குண்டின் வேகம் கூடுவது சாதாரணம். வேகம் ஒரே நிலையில் நின்ற பிறகு குரோனோகிராஃபில் மீண்டும் அளந்து, அந்த எண்ணைக் கொண்டு அட்டவணை போடுங்கள்.