ஸ்பீக்கர் ஜோடி இருபது வருஷம் உழைக்க

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முன்பக்கத் துணியைக் கழற்றி, டார்ச் அடித்து, வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ரப்பர் என்றால் கவலை குறைவு. ஃபோம் என்றால் 10, 15 வருடத்தில், அதுவும் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில், விரல் பட்டதும் கறுப்புப் பொடியாக ஒட்டும், என்னுடையது அப்படித்தான் போனது. உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூம்பும் அதன் பின்னால் இருக்கும் காயிலும் (கம்பிச் சுருள்) நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேஸ் ஒரு பக்கம் வேறு மாதிரி கேட்கும். கிழிந்ததோடு ஓட்டினால் காயில் காந்த இடுக்கில் உரசி அதுவும் போய்விடும்.

ட்வீட்டரின் (உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மெல்லிய குமிழைத் தொடவே வேண்டாம். அப்புறம் வயர் நுனி பச்சை பூத்திருந்தால் அதை வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பை முறுக்கி, பிளஸ் மைனஸ் மாறாமல் சொருகுங்கள்.