முதல் வரைவு முடிந்ததும் கால் பங்கை வெட்டுங்கள்

சிறுகதையின் முதல் வரைவை மனம்போல எழுதி முடியுங்கள். அப்புறம் மொத்தச் சொற்களை எண்ணி, கால் பங்கைக் குறைத்தே தீர்வது என்று வரம்பு வையுங்கள். 2,000 சொல் வந்திருந்தால் 1,500.

'கொஞ்சம் சுருக்கலாம்' என்று உட்கார்ந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'மிகவும்', 'மெல்ல' மட்டும்தான் போகும். கால் பங்குக்கு அது போதாது. ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யும் வாக்கியங்களைத் தேடிப் போக வேண்டிவரும். 'அவளுக்குக் கோபம் பொங்கியது. கதவை ஓங்கிச் சாத்தினாள்.' இதில் முதல் வாக்கியம் எதற்கு? கதவே சொல்லிவிடுகிறதே. பெரும்பாலும் முதல் பத்தியே வானிலை வர்ணனையோடு சேர்ந்து போய்விடும். 'என்று வருத்தத்துடன் சொன்னாள்' வகையறாவும் அப்படித்தான். ('வந்து கொண்டிருந்தான்' என்பதை ஒட்டி எழுதி எண்ணிக்கையைக் குறைப்பது கணக்கில் சேராது, சரியா?)

எழுதும்போதே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கை ஓடாது. வரைவே 500 சொல்லுக்குள் இருந்தால் இந்தக் கணக்கு வேண்டாம். ஒரு பாத்திரம் வட்டார வழக்கில் வளவளவென்று பேசுவதுதான் கதையே என்றால், அந்தப் பேச்சில் கை வைக்காமல் மற்ற இடங்களில் மட்டும் வெட்டுங்கள்.