லேத் மோட்டாருக்கு ரிவர்ஸ் சுவிட்ச் போடுவது எப்படி

லேத்தில் ரிவர்ஸ் வேண்டும் என்று கேட்பவர்களில் பலர், பிளக்கில் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் அதற்கெல்லாம் மசியாது, பழைய பக்கமே சுற்றும். ஏன் என்று புரிந்துகொண்டால் ஒயரிங் படமே தேவையில்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறை மெஷின்களில் அதிகம் இருப்பது கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார். அதற்குள் இரண்டு வைண்டிங், அதாவது கம்பிச் சுருள்: ரன்னிங், ஸ்டார்ட்டிங். ரன்னிங் வைண்டிங்குக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு நிற்கும். ஷாஃப்டை எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் ஓடத் தயார், அதற்கென்று சொந்தத் திசை கிடையாது. திசையைத் தீர்மானிப்பது, கெபாசிட்டரோடு சேர்ந்த ஸ்டார்ட்டிங் வைண்டிங்தான். மோட்டார் கிட்டத்தட்ட முக்கால் வேகத்தைத் தொட்டதும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் ‘டிக்’ என்று ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைக் கழற்றிவிடும். அதன் பிறகு ரன்னிங் வைண்டிங் மட்டும்தான் வேலை செய்கிறது.

பிளக்கைத் திருப்பினால் இரண்டு வைண்டிங்கும் சேர்ந்தே திரும்புகின்றன. ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறவில்லை, திசையும் மாறாது. ரன்னிங்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்ட்டிங்கின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றினால் திசை மாறும். ரிவர்ஸ் சுவிட்ச் செய்வது இந்த ஒரே வேலையைத்தான்.

இன்னொன்றும் இதிலிருந்தே வருகிறது. மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது ஹேண்டிலை ரிவர்ஸுக்குத் தள்ளினால் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட்டிங் வைண்டிங் அப்போது லைனிலேயே இல்லையே! “சுவிட்ச் போட்டேன், ரிவர்ஸ் வரவில்லை” என்ற புகாரில் பெரும்பாலும் சுவிட்சில் கோளாறு இருக்காது. ஆபத்து என்னவென்றால், ஹேண்டில் ரிவர்ஸில், சக் (ஜாபைப் பிடித்துச் சுழலும் தலை) ஃபார்வர்டில் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஆழமாக வெட்டி வேகம் இறங்கினால், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் மறுபடி சேரும். அப்போது வெட்டும் டூல் ஜாபுக்குள் (வெட்டப்படும் இரும்புக்குள்) இருக்க, மோட்டார் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆகவே ஆஃப் செய்து, சக் முழுதாக நின்ற பிறகே அடுத்த பக்கம். அவசரக்காரர்கள் கையில் இருக்கும் மெஷினுக்கு நான் ரிவர்ஸே போட்டுத் தருவதில்லை.

ஒயரைத் தொடும் முன் சக்கைப் பாருங்கள். ஸ்பிண்டிலில் (சக்கைச் சுழற்றும் தண்டில்) மரையில் திருகி மாட்டும் சக் என்றால், ரிவர்ஸில் வெட்டும்போது அது கழன்று வரும். வெட்டாமல் சும்மா ஓட்டும்போதுகூட, ரிவர்ஸில் சட்டென்று கிளம்பினால் கழலலாம். மரை வெட்டிவிட்டு டூலை வெளியே எடுத்து மெதுவாகத் திரும்பி வருவதற்கு, அல்லது டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) வெளியே எடுப்பதற்கு ரிவர்ஸ் போதும் என்றால் பரவாயில்லை. ரிவர்ஸிலேயே வெட்ட வேண்டுமென்றால், போல்ட்டிலோ கேம் லாக்கிலோ பிடிக்கும் சக்தான் வேண்டும். பெஞ்ச் கிரைண்டருக்கு இந்த வேலையை நினைத்தே பார்க்காதீர்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டின் மரைத் திசை, ஓடும் திசைக்கு ஏற்றபடி வெட்டியது. திருப்பி ஓட்டினால் நட்டு தளர்ந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். டெர்மினல் பெட்டியைத் திறந்ததும் முதலில் கெபாசிட்டர். பிளக் இல்லாவிட்டாலும் அது அடிக்கும். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு மாட்டி, அதன் இரண்டு ஒயர்களைக் கெபாசிட்டர் முனைகளில் சில விநாடி வைத்து, பிறகு மீட்டரில் வோல்டேஜ் பூஜ்யம் என்று பார்த்த பின் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் ‘பட்’ என்று ஷார்ட் செய்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. கெபாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

இருக்கிற இணைப்பை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு முனைகளைக் கழற்றுங்கள். வைண்டிங்கை அடையாளம் காண ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு தடவை ரீவைண்டிங் ஆன மோட்டாரில் நிறத்துக்கு எந்த அர்த்தமும் இருக்காது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் ரன்னிங் வைண்டிங்கில் ஓம் குறைவு, ஸ்டார்ட்டிங்கில் அதிகம். கெபாசிட்டரையும் சேர்த்து அளந்தால் மீட்டர் கொஞ்சம் அசைந்துவிட்டு ‘ஓப்பன்’ காட்டும். வைண்டிங் அறுந்துவிட்டது என்று பதற வேண்டாம், கெபாசிட்டரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு வைண்டிங்கை மட்டும் அளந்து பாருங்கள். தெரிந்ததும் ஒவ்வொரு முனையிலும் பேப்பர் டேப் சுற்றி ரன் 1, ரன் 2, ஸ்டார்ட் 1, ஸ்டார்ட் 2 என்று எழுதிவிடுங்கள். கெபாசிட்டரும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு வரிசையாக இருந்த மாதிரியே இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த அந்தச் சங்கிலியின் இரண்டு கடைசி முனைகள்தான் நம்முடைய ஸ்டார்ட் 1, ஸ்டார்ட் 2.

நான்கு முனைகள் கிடைத்தால்தான் ரிவர்ஸ் போட முடியும். மூன்றுதான் வெளியே வருகிறது என்றால், ஒன்று காமன், இரண்டு வைண்டிங்கும் உள்ளேயே சேர்ந்திருக்கின்றன. இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். அதிக ஓம் காட்டும் ஜோடியை விட்டு மீதி நிற்கும் ஒயர்தான் காமன். மூடியைக் கழற்றி அந்த ஜாயிண்டைத் தேடிப் பிரித்து, நான்காவது ஒயரை ஸ்லீவ் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும். ஜாயிண்ட் மேலாகத் தெரிந்தால் நீங்களே செய்யலாம். வார்னிஷுக்கு அடியில் வைண்டிங் கட்டுக்குள் புதைந்திருந்தால் வைண்டிங் போடுபவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை நோண்டப்போனால் அடுத்த கம்பியின் எனாமல் உரியும்.

பெயர்த் தகட்டில் 115/230 வோல்ட் என்று இரண்டும் போட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த வகையில் ஸ்டார்ட்டிங் வைண்டிங் பொதுவாக 115 வோல்ட்டுக்கானது. 230-இல் ஓட்டும்போது அதன் ஒரு முனை, ரன்னிங் வைண்டிங்கின் இரண்டு பாதிகளும் சேரும் நடு இடத்திலிருந்து வரும். அதற்கு முழு 230-ஐக் கொடுத்துவிடாதீர்கள்.

சுவிட்சுக்கு டிரம் சுவிட்ச்தான் என் தேர்வு. ஹேண்டிலைத் திருப்பினால் மூன்று நிலை: ஃபார்வர்டு, ஆஃப், ரிவர்ஸ். சின்ன டாகிள் சுவிட்சில் ‘15 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பது மோட்டாருக்கான கணக்கு இல்லை. 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மோட்டார் ஹெச்பி அளவு குறிப்பிட்ட சுவிட்சாக வாங்குங்கள். நடுவில் ஆஃப் இல்லாத சுவிட்ச் கூடவே கூடாது. மாறுகிற நொடியில் எழும் தீப்பொறி ஃபேஸையும் நியூட்ரலையும் பாலம் போட்டுவிடும்.

நான் அதிகம் பார்த்த டிரம் சுவிட்சில் ஆறு முனைகள், இரண்டிரண்டாக மூன்று வரிசை: மேலே 1, 2, நடுவே 3, 4, கீழே 5, 6. ஃபார்வர்டில் 1-2, 3-4, 5-6 சேரும். ரிவர்ஸில் 1-3, 2-4, 5-6 சேரும். உங்கள் சுவிட்ச் வேறு மாதிரி இருக்கலாம், ஆகவே மீட்டரின் பீப் சத்தத்தில் மூன்று நிலையையும் சோதித்துத் தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள். மேலே சொன்ன வகை என்றால் இணைப்பு இப்படி:

ஃபேஸ் 1-க்கு. 1-லிருந்து 5-க்கு ஒரு துண்டு ஒயர்.
6-லிருந்து ரன் 1.
நியூட்ரல் 4-க்கு. ரன் 2-வும் அதே 4-இல்.
ஸ்டார்ட் 1 போவது முனை 2-க்கு. ஸ்டார்ட் 2 போவது முனை 3-க்கு.

விரலால் தடம் பிடித்துப் பாருங்கள். ரன்னிங் வைண்டிங்குக்கு இரண்டு நிலையிலும் 5-6 வழியாக ஒரே மாதிரிதான் கரண்ட் போகிறது. ஸ்டார்ட்டிங்குக்கு மட்டும் ஃபார்வர்டில் ஃபேஸ் 2-இல் வருகிறது, ரிவர்ஸில் 3-இல் வருகிறது. இரட்டை வோல்டேஜ் மோட்டாரை 230-இல் ஓட்டுவதானால் 4-க்கு நியூட்ரலுக்குப் பதில் அந்த நடு இடத்து ஒயர். நியூட்ரல் நேராக ரன் 2-க்குப் போகும்.

ஆஃபில் இருந்தாலும் ரன் 2 நியூட்ரலோடு சேர்ந்தே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எங்கோ பிளக் மாறியிருந்தால் அது ஃபேஸ் ஆகிவிடும். அதனால் இதற்கு முன்னால் இரண்டு ஒயரையும் வெட்டுகிற ஸ்டார்ட்டர் ஒன்று அவசியம், நோ வோல்ட் காயிலும், அதிகக் கரண்ட் போனால் வெட்டிவிடும் ஓவர்லோடும் உள்ளதாக. டிரம் சுவிட்ச் விட்ட இடத்திலேயே நிற்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், நீங்கள் சக்கில் கை வைத்திருக்கும்போது மெஷின் தானாகக் கிளம்பும். நோ வோல்ட் காயில் அதைத் தடுக்கும்.

எர்த் ஒயர் மோட்டார் உடம்பு, சுவிட்சின் இரும்புப் பெட்டி, மெஷின் பெட் மூன்றையும் தொட வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள். 1 ஹெச்பி வரை 1.5 சதுர எம்.எம். மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் போதும். முனைகளில் லக் (ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்) அடித்துப் போடுங்கள். சால்டர் வைத்த முனையை ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்தால், அதிர்வில் ஈயம் நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும். ஒயர் நுழையும் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், இரும்புச் சுருள் உள்ளே விழாது. சுழலும் சக்கைத் தாண்டிக் கை நீட்டாமல் ஹேண்டில் எட்ட வேண்டும்.

முதல் ஓட்டம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு. ஃபார்வர்டு போட்டு ‘டிக்’ கேட்கிறதா என்று பாருங்கள். ஆஃப் செய்து, நின்றதும் ரிவர்ஸ். திசை ஹேண்டிலுக்கு எதிராக இருந்தால் 2, 3-இல் உள்ள ஒயர்களை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே திசையில் சுற்றினால் ரன்னிங்கும் சேர்ந்து திரும்புகிறது, எங்கோ முனை மாறியிருக்கிறது. உறுமிக்கொண்டு நின்றால் உடனே ஆஃப். ஸ்டார்ட்டிங் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது, முதலில் கழற்றிய கெபாசிட்டர் காலைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் கெபாசிட்டர் சில விநாடி வேலைக்கென்று செய்தது. டேப்பிங்குக்காக நிமிடத்துக்குப் பல தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் சூடேறி வெடிக்கும். அந்த மாதிரி வேலைக்கு த்ரீ ஃபேஸ் மோட்டார்தான். அதில் மூன்று லைனில் எந்த இரண்டை மாற்றினாலும் ரிவர்ஸ். இதே டிரம் சுவிட்சில் 1, 4, 5-இல் சப்ளை, 2, 3, 6-இல் மோட்டார், அவ்வளவுதான். டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி) வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே இந்தச் சுவிட்சைப் போடாதீர்கள். ஓடும்போது அங்கே வெட்டினால் டிரைவ் போய்விடும். அதன் கன்ட்ரோல் டெர்மினலில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று தனித்தனி முனைகள் இருக்கும், சுவிட்சை அங்கே கொண்டுபோங்கள்.