முதுகெலும்புக்கு சி.டி. ஸ்கேன்: எதற்கு உதவும், எதைக் காட்டாது

சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிவைப் பார்க்க சி.டி.தான் முதலில். சில நிமிடங்களில் முடிந்துவிடும். எக்ஸ்ரேயில் தப்பிவிடும் கழுத்தெலும்பு விரிசலும் இதில் தெரியும். ஆபரேஷனில் வைத்த ஸ்க்ரூ இடம் மாறியிருக்கிறதா, எலும்பு கூடியதா என்பதற்கும் இதுவே.

முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி காலுக்கு வலி இறங்கினால் கேட்க வேண்டியது எம்.ஆர்.ஐ. நரம்பு, தண்டுவடம், தசைநார், ஆரம்பக்கட்ட கிருமித்தொற்று எல்லாம் சி.டி.யில் சரியாகப் பிடிபடாது. எனவே 'சி.டி. நார்மல்' என்ற ரிப்போர்ட்டை நம்பி, கை கால் மரத்துப்போவதை அலட்சியப்படுத்தாதீர்கள். பேஸ்மேக்கரால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு, தண்டுவட நீரில் மருந்து செலுத்தி சி.டி. மைலோகிராம் எடுப்பதுண்டு.

இடுப்புப் பகுதி சி.டி.யில் கதிர்வீச்சு சுமார் 6 மில்லிசீவர்ட். இயற்கையாக ஓராண்டில் நம்மீது படுவதைவிட அதிகம். நேற்று வந்த சாதாரண முதுகுவலிக்கு இது வீண். கர்ப்பமாக இருக்கலாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) உண்டென்றால் கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) போங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். ஃபிலிமோடு டிஜிட்டல் படங்களையும் கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டரிடம் போகும்போது அதுதான் பயன்படும்.

முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ ஸ்கேன் சென்டரைத் தேடாதீர்கள். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.