ஹோல்கர் நீல்சன்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் வட்டு எறிந்தார், வாள் வீசினார், துப்பாக்கி சுட்டார். இதைப் படித்தவுடன் அவரை இன்றைய டெக்கத்லான் (பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்தது) வீரரைப் போல நினைத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல். அன்று வெளிநாட்டு வீரர்களுக்கு இன்றுபோல் தகுதிப் போட்டிகள் கிடையாது. ஏதென்ஸுக்குப் போய்ச் சேர முடிந்தவர்கள் பல போட்டிகளில் பெயர் கொடுத்தார்கள். டென்மார்க்கிலிருந்து போன மூன்று பேரில் இன்னொருவரான விக்கோ யென்சன் பளுவும் தூக்கினார், கயிறும் ஏறினார், துப்பாக்கியும் சுட்டார். தடகளத்தில் நீல்சன் சுமார்தான். வட்டு எறிந்த ஒன்பது பேரில் முதல் நான்கு இடத்துக்குள் அவர் வரவில்லை. இதை மழுப்பத் தேவையில்லை.

அடுத்தது பதக்கக் கணக்கு. ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் என்று பட்டியல்கள் சொல்லும். ஆனால் ஏதென்ஸில் முதலிடத்துக்கே வெள்ளிதான் கொடுத்தார்கள், இரண்டாமிடத்துக்கு வெண்கலம், மூன்றாமிடத்துக்கு ஒன்றுமில்லை. 30 மீட்டர் கைத்துப்பாக்கியில் அமெரிக்கர் சம்னர் பெயின் 442 புள்ளி எடுத்தார், நீல்சன் 285 எடுத்து இரண்டாமிடம். இன்னொரு துப்பாக்கிப் போட்டியிலும் சேபர் வாள்வீச்சிலும் மூன்றாமிடம். அந்தச் சேபர் போட்டியில் மொத்தமே ஐந்து பேர்! ஆகவே 'மூன்று பதக்கங்களோடு ஊர் திரும்பினார்' என்று எழுதினால் அது பிழை. நாம் பார்க்கும் கணக்கு பின்னாளில் போடப்பட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கதையை ஏதென்ஸோடு நிறுத்திவிடுவது. கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஓட்ரூப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது மாணவர்களுக்காக எறிபந்தாட்டத்துக்கு விதிகள் வகுத்தார் நீல்சன். அவை 1906இல் அச்சாயின. நம்மூரில் ஹேண்ட்பால் என்கிறோமே, அதேதான். அதற்காக அந்த ஆட்டத்தை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று தூக்கிவிடவும் கூடாது. ஜெர்மனியில் மாக்ஸ் ஹைசரும் கார்ல் ஷெலென்ஸும் 1917, 1919 வாக்கில் வேறு வழியாக வளர்த்தெடுத்ததும் இந்த விளையாட்டின் வரலாறுதான்.

உடலியங்கியல் பாடப்புத்தகங்களில் 'ஹோல்கர் நீல்சன் முறை' என்று ஒரு செயற்கைச் சுவாச முறை வருமே, அந்த நீல்சனை வேறு ஆளாக நினைப்பவர்கள் உண்டு. இவரேதான், 1932இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகை அழுத்தி, அப்புறம் முழங்கையைப் பிடித்துக் கையைத் தூக்க வேண்டும். 1950களில் உயிர்காப்புப் பயிற்சிகளில் இதைப் பரவலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வாயோடு வாய் வைத்து ஊதும் முறை வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. பாடத்தில் படித்தோமே என்று நீரில் மூழ்கியவரிடம் இன்று இதைச் செய்து பார்க்காதீர்கள். 108க்கு அழைத்துவிட்டு, பயிற்சி பெற்றவர் சிபிஆர் (மார்பை அழுத்தி, மூச்சு ஊதும் முதலுதவி) தொடங்கட்டும்.