சிவனொளிபாதமலை: முதல் முறை ஏறப்போகிறவர்களுக்கு

இலங்கையின் மலைநாட்டுக்கு வருகிறவர்களில் பலர் சிவனொளிபாதமலையைத் தூரத்தில் பார்த்துவிட்டு, "இது நம்மால் ஆகிற காரியமா?" என்று தயங்கி, தேயிலைத் தோட்டங்களோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஆகிற காரியம்தான். மலையின் உயரம் 2,243 மீட்டர். ஆனால் மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து கிளம்பினால் ஏற வேண்டியது சுமார் 1,000 மீட்டர். கயிறும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், பெரும்பாலும் படிக்கட்டுதான். தலை நரைத்த பாட்டிகள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி ஏறுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம். அவர்கள் உச்சியை அடைவதற்குக் காரணம், அவசரப்படாததுதான். இங்கே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுவே.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் மாத உந்துவப் போயாவில் (போயா என்றால் பௌர்ணமி நாள்) தொடங்கி மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். அப்போது வழி நெடுக மின்விளக்கு எரியும், இரவெல்லாம் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் பலம், விளக்கும் இருக்காது. முதல் முறை ஏறுகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

யாத்திரைக் காலத்திலும் போயா தினங்களும் வார இறுதியும் வேண்டாம். உச்சிக்குச் சற்றுக் கீழே கூட்டம் நகராமல் நின்றுவிடும். வரிசையில் நிற்கும்போதே சூரியன் உதித்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு வார நாளைப் பிடியுங்கள்.

2. நல்லதண்ணிக்குப் போய்ச் சேருங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறி ஹட்டனில் இறங்குங்கள். அங்கிருந்து யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிக்கு நேரடி பஸ் உண்டு. இல்லாவிட்டால் மஸ்கெலியாவில் மாறிக்கொள்ளலாம். கனமழையில் மண்சரிவு ஏற்பட்டால் மலைநாட்டு ரயில் நின்றுபோகும். எனவே கிளம்புமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்து, இரவு உணவைச் சீக்கிரம் முடித்துத் தூங்கிவிட வேண்டும்.

இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையிலிருந்தும் ஒரு பாதை இருக்கிறது. அடர்ந்த காட்டு வழி, அழகு மிகுந்தது. ஆனால் தூரம் அதிகம், ஈரக் காலத்தில் அட்டைக் கடியும் உண்டு. அது இரண்டாம் முறைக்கு இருக்கட்டும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட், டார்ச் லைட், மழைக்கோட்டு. இவற்றைவிட முக்கியமானது உலர்ந்த மேற்சட்டை ஒன்றும் கம்பளிச் சட்டை ஒன்றும். ஏறும்போது வியர்வையில் சட்டை தெப்பலாக நனைந்துவிடும். உச்சியில் காற்று அடிக்கும்போது அந்த ஈரம்தான் உடம்பை நடுக்கும். மேலே போனதும் முதல் வேலையாகச் சட்டையை மாற்றிக்கொண்டால் பாதிக் குளிர் போய்விடும். கம்பளியைப் போட்டுக்கொண்டே ஏறாதீர்கள். பத்தே நிமிடத்தில் புழுங்கும்.

4. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இந்த மாதங்களில் சூரியன் 6 மணிக்கும் 6.30க்கும் இடையில் உதிக்கும். பழக்கமில்லாதவர்கள் ஏறிச்சேர மூன்றரை முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆகவே அதிகாலை 2 மணிக்குக் கிளம்புவது சரி. நள்ளிரவிலேயே கிளம்பிவிட்டால் உச்சியில் இருட்டில் விறைத்துக்கொண்டு காத்திருக்க நேரும்.

5. ஏறும் விதம்

தொடக்கத்தில் பாதை சாதுவாகத்தான் இருக்கும். ஜப்பானிய சமாதானத் தாதுகோபத்தையும் (பௌத்த தூபி) சீத கங்குலை என்ற ஓடையையும் தாண்டிய பிறகுதான் உண்மையான ஏற்றம். மொத்தம் 5,500 படிகள் என்பார்கள். எண்ணிக்கொண்டு போகாதீர்கள், மனம் சோர்ந்துவிடும்.

படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. சில உள்ளங்கை அகலம், சில முழங்கால் உயரம். முழுப் பாதத்தையும் படியில் பதித்து ஏறுங்கள். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் வருகிறவரிடம் தடையின்றிப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். தேநீர்க் கடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், உடம்பு ஆறிவிடும். கடைசிப் பகுதி மிகச் செங்குத்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, பத்துப் படிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்று ஏறினால் போதும்.

6. உச்சியில்

காலணியைக் கழற்ற வேண்டும். அங்குள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்றும், சைவர்கள் சிவனுடையது என்றும், இஸ்லாமியர் ஆதமுடையது என்றும் போற்றுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவும் இந்த மலையில் ஏறியிருக்கிறார். இதுவரை எத்தனை முறை மலை ஏறினோமோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். நீங்கள் ஒருமுறை அடியுங்கள்.

சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நிமிடங்களில் நீங்கள் மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக நீண்டு, பனிமூட்டத்தின் மேல் விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கி வரும். இந்த மலையில் நான் மிகவும் விரும்புவது இந்தக் காட்சியைத்தான். இதைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

7. இறக்கம்

ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலை வாங்கும். பலரும் நொண்டுவது இங்கேதான். இறங்குமுன் காலணிக் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் போய் முட்டி நகம் கறுத்துவிடும். நகத்தை முந்தைய நாளே வெட்டியிருக்க வேண்டும். உயரமான படிகளில் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள். குதிக்கவே கூடாது. இரண்டரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிளாஸ்டிக் குப்பையைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள். மலையைச் சுற்றியுள்ள காடு 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

8. அன்றைய மீதிப் பொழுது

இனி நடக்கும் வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஹட்டனுக்குத் திரும்பி, தலவாக்கலை போகும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சியைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். உயரம் 97 மீட்டர். பக்கத்திலுள்ள சென் கிளயர் அகலத்தில் பெரியது. ஆனால் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு அதில் நீர் குறைந்துவிட்டது. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டெவனுக்கே போங்கள்.